கடைமடை நிலத்தை ‘பயனற்ற மண்’ என்று படம் காட்டுகிறார்கள், எரிபொருள் பயிருக்குக் குத்தகை விடலாமா?

தலைஞாயிறு_தம்பி

எல்லோருக்கும் வணக்கம். நாகை மாவட்டம் தலைஞாயிறு பக்கம், ஆற்றுத் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் கடைமடையில், எங்களுக்குச் சுமார் இரண்டு வேலி நிலம் இருக்கிறது, பதின்மூன்று ஏக்கர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மேட்டுப்பக்க வேலியில் அப்பா சம்பா போடுகிறார், ஏதோ வீட்டுக்கு ஆகிறது. கீழ்ப்பக்க வேலிதான் பிரச்சினை. நட்டால் திட்டுத் திட்டாகக் கருகிப்போகிறது, அதனால் சில வருடமாகச் சும்மா போட்டுவிட்டோம், இப்போது சீமைக்கருவேலம் வரப்பைத் தாண்டி உள்ளே வந்துவிட்டது.

போன மாதம் ஒருவர் வீட்டுக்கு வந்தார். எரிபொருள் பயிர் போடும் நிறுவனத்துக்கு நிலம் பிடித்துக் கொடுக்கிறவராம். கீழ்ப்பக்கம் மொத்தமும் 15 வருடக் குத்தகைக்கு வேண்டும் என்றார். லேப்டாப்பில் ஒரு செயற்கைக்கோள் படத்தைக் காட்டினார், அதில் எங்கள் வேலியும் அதை ஒட்டிய புறம்போக்கும் முழுச் சிவப்பு. “இது நெல்லுக்கு உதவாத மண் சார், எங்கள் பயிர் மட்டும்தான் வரும்” என்கிறார். என்ன பயிர் என்று கேட்டால் முதலில் சவுக்கு என்றார், அப்புறம் நேப்பியர் புல் என்றார், கிளம்பும்போது மூங்கிலும் வரலாம் என்றார்.

எங்களிடம் இருக்கும் மண்வள அட்டையில் பி.எச். (அமில-காரத் தன்மை) 8.3, இ.சி. (கரைந்த உப்பைக் காட்டும் மின்கடத்துதிறன்) 0.9 என்று போட்டு, உப்பு ‘இயல்பு’ என்று எழுதியிருக்கிறது. அப்பாவோ “மண்ணுல ஒண்ணும் இல்லடா, தண்ணி வடியல, அவ்வளவுதான்” என்று ஒரே போடாகப் போடுகிறார். அட்டை ஒன்று சொல்கிறது, படம் ஒன்று சொல்கிறது, அப்பா ஒன்று சொல்கிறார். நான் சென்னையில் இருக்கிறேன், விடுமுறைக்குத்தான் ஊருக்கு வருவேன். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் இந்த மண்ணை நானே எப்படிப் பார்ப்பது? எதைச் சோதிக்கக் கொடுப்பது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற_மண்காரன்

தம்பி, மூன்று பேர் சொல்வதும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க வாய்ப்பிருக்கிறது. மண் ஆய்வகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்பதால் அட்டையிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

மண்வள அட்டைத் திட்டம் 2015இல் வந்தது. பாசன நிலம் என்றால் 2.5 ஹெக்டேருக்கு ஒரு மாதிரி, மானாவாரி என்றால் 10 ஹெக்டேருக்கு ஒன்று என்று கட்டம் போட்டு எடுப்பார்கள். 2.5 ஹெக்டேர் என்பது கிட்டத்தட்ட உங்கள் ஒரு வேலி. அந்தக் கட்டத்துக்குள் மண் எந்த இடத்தில் எடுத்தார்கள் என்று அப்பாவிடம் கேளுங்கள். பக்கத்து மேட்டு வயலில் எடுத்த மாதிரியின் எண் உங்கள் அட்டையிலும் வந்திருக்கலாம், அதில் யாரும் ஏமாற்றவில்லை, திட்டமே அப்படித்தான். உரப் பரிந்துரைக்கு அது போதும். ஒரு நிலத்தை 15 வருடத்துக்கு எழுதிக் கொடுக்க அது போதாது.

அடுத்தது அந்த 0.9. இதைப் பெரும்பாலானவர்கள் தப்பாகப் படிக்கிறார்கள். நம் ஆய்வகங்களில் வழக்கமாக ஒரு பங்கு மண்ணுக்கு இரண்டரைப் பங்கு தண்ணீர் ஊற்றிக் கலக்கி, அந்தத் தண்ணீரில் இ.சி. பார்ப்பார்கள். ஆனால் “இந்தப் பயிர் இவ்வளவு உப்பைத் தாங்கும்” என்று நீங்கள் படிக்கும் அட்டவணை எல்லாம் வேறு முறைக்கானது. மண்ணைக் குழைத்துச் சேறாக்கி, அது பிடிக்கும் அளவு தண்ணீரோடு நிறுத்தி, அந்தச் சேற்றிலிருந்து உறிஞ்சி எடுத்த நீரில் அளப்பது. அதை இ.சி.ஈ. என்பார்கள். முதல் முறையில் நாமே தண்ணீரைக் கொட்டி உப்பை நீர்க்க வைத்துவிடுகிறோம், ஆகவே எண் சிறியதாகத்தான் வரும்.

எவ்வளவு சிறியதாக என்பது மண்ணைப் பொறுத்தது. களிமண் சேறாகும்போது தன் எடையில் சுமார் 70 விழுக்காடு தண்ணீர் பிடிக்கும், மணல் 30ஐத் தாண்டாது. நீங்கள் ஊற்றியதோ 250 விழுக்காடு. எனவே களியில் உங்கள் 0.9ஐ மூன்றரையால் பெருக்கினால் 3க்கு மேல் வருகிறது, அதே 0.9 மணலில் 7க்கு மேல் போய்விடும். நெல் இ.சி.ஈ. 3 டெசிசீமன்ஸுக்கு (இ.சி. அளக்கும் அலகு) மேல் போனாலே விளைச்சலை இழக்க ஆரம்பிக்கும், சோளம் 6.8 வரை தாங்கும். இப்போது அட்டையில் உள்ள ‘இயல்பு’ என்ற சொல்லை மறுபடி பாருங்கள். இது தோராயக் கணக்குதான், மண்ணில் ஜிப்சம் (ஒரு கால்சியம் உப்பு) கிடந்தால் கூடுதலாகக் கரைந்து கணக்கு மாறும், அதனால் ஆய்வகத்தில் இ.சி.ஈ. என்றே கேட்டு வாங்குங்கள். எல்லா இடத்திலும் செய்ய மாட்டார்கள். தஞ்சாவூர் காட்டுத்தோட்டத்தில் இருக்கும் மண் மற்றும் நீர் மேலாண்மை ஆராய்ச்சி நிலையத்திலோ, திருச்சி நாவலூர் குட்டப்பட்டு வேளாண் கல்லூரியிலோ விசாரியுங்கள். நாவலூரில் களர் மண்ணைப் பற்றியே பல காலமாக வேலை செய்கிறார்கள், டி.ஆர்.ஒய். 1, 2, 3 நெல் ரகங்கள் அங்கே இருந்து வந்தவைதான். பக்கத்தில் சிக்கல் வேளாண் அறிவியல் நிலையமும் இருக்கிறது.

மூன்றாவது விஷயம் ரொம்ப முக்கியம். உவர் வேறு, களர் வேறு. உவர் என்றால் கரையும் உப்பு அதிகம், இ.சி.ஈ. 4க்கு மேல், பி.எச். 8.5க்குக் கீழ். வடிகால் வெட்டி நல்ல தண்ணீரை நிறுத்தி வடித்தால் அது போகும். களர் என்றால் களித்துகளில் சோடியம் ஒட்டிக்கொண்டிருக்கிறது, பரிமாற்றச் சோடியம் 15 விழுக்காட்டுக்கு மேல், பி.எச். 8.5க்கு மேல். அதற்கு ஜிப்சம் வேண்டும், வெறும் தண்ணீரால் ஆகாது. கடற்கரைப் பக்கம் இரண்டும் கலந்த மண்ணும் உண்டு, அதில்தான் ஆபத்து. உப்பு நிறைய இருக்கும் வரை அது சோடியத்தை மறைத்துவிடும், பி.எச். 8.2, 8.3 என்று நல்ல பிள்ளையாக நிற்கும். ஜிப்சம் போடாமல் உப்பை மட்டும் கழுவிவிட்டால் பி.எச். ஏறும், களி கரைந்து துளை அடைத்துக்கொள்ளும், நிலம் முன்னைவிடக் கெட்டுப்போகும். உங்கள் 8.3 எந்த வகை என்று அந்த எண்ணை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. அதனால் பரிமாற்றச் சோடிய விழுக்காடு, ஈ.எஸ்.பி. என்று கேட்டால் புரியும், அதைக் கட்டாயம் பார்க்கச் சொல்லுங்கள். கூடவே ஜிப்சம் தேவை எவ்வளவு என்றும்.

வீட்டிலேயே ஒன்று செய்யலாம். காய்ந்த சிறு மண்கட்டியைக் கண்ணாடி டம்ளரில் மழைத்தண்ணீர் ஊற்றி மெதுவாகப் போடுங்கள், கலக்காதீர்கள். சில மணி நேரத்தில் கட்டியைச் சுற்றிப் பால் மாதிரி கலங்கல் படர்ந்தால் சோடியம் இருக்கிறது என்று சந்தேகப்படுங்கள். கட்டி உடைந்து விழுந்தும் தண்ணீர் தெளிவாக இருந்தால் சோடியம் குறைவாக இருக்கலாம், அல்லது நான் சொன்ன மாதிரி உப்பு அதை மூடி வைத்திருக்கலாம். ஆகவே இதை வைத்து முடிவு எடுக்காதீர்கள், எந்தத் திட்டில் மண் எடுப்பது என்று தேர்ந்தெடுக்க மட்டும் பயன்படுத்துங்கள்.

கோடியக்கரைப்_பக்கம்

மண்காரர் சொன்னது எல்லாம் சரி. ஆனால் தம்பி, முதலில் நிலத்தில் இறங்கி நடந்து என்ன முளைத்திருக்கிறது என்று பாருங்கள். உமரி முளைத்து, மாசி பங்குனியில் மண்ணின் மேல் வெள்ளையாகப் பூத்திருந்தால் உப்புதான், அதற்கு ஆய்வகம் வேண்டியதில்லை. சம்பங்கோரை அடர்ந்து கிடந்தால் தண்ணீர் நிற்கிறது. கருவேலம் மட்டும் செழித்திருந்தால் அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது, அது எங்கேயும் வரும்.

சவுக்கைப் பற்றி எனக்குத் தெரியும், எங்கள் பக்கம் மணல் மேட்டில் அதுதான் பயிர். இதைப் புதுசு மாதிரி ‘எரிபொருள் பயிர்’ என்கிறார்கள். 1860களிலேயே செங்கல்பட்டுப் பக்கம் ரயில் என்ஜினுக்கு விறகு வேண்டும் என்று தோப்புத் தோப்பாக வைத்தது இதே சவுக்கைத்தான். மணலில், ஓரளவு உப்பில், நன்றாக வரும், வேரிலேயே தழைச்சத்தும் சேர்த்துக்கொள்ளும். ஆனால் களியில் ஐப்பசி கார்த்திகை முழுக்கத் தண்ணீர் நிற்கிற இடத்தில் இளங்கன்று நிற்காது. உங்கள் கீழ்வேலி களி என்றால், வடியவில்லை என்று அப்பா சொல்வதும் உண்மை என்றால், அங்கே சவுக்கு பேச்சே கிடையாது. இன்னொன்று, 2018 நவம்பர் 16 கஜா வந்த ராத்திரி எங்கள் பக்கம் தென்னை என்ன, சவுக்கு என்ன, எல்லாம் படுத்துவிட்டது. 15 வருடத்துக்குள் இன்னொரு புயல் வராது என்று யாராவது எழுதிக் கொடுப்பார்களா? மரம் விழுந்தால் குத்தகைப் பணம் நிற்குமா நிற்காதா என்று முதலில் கேளுங்கள்.

காட்டாமணக்குக் கதை ஞாபகம் இருக்கிறவர்கள் இங்கே இருப்பார்கள். 2003இல் டெல்லியில் திட்டக்குழு அறிக்கை போட்டது, 2011-12க்குள் அதன் எண்ணெயை டீசலில் 20 விழுக்காடு கலப்போம் என்றார்கள், தரிசு நிலத்தில் தண்ணீரே இல்லாமல் காய்க்கும் என்றார்கள். காய்க்கவில்லை. தண்ணீர் தேங்கினால் அது அழுகும், வறண்ட இடத்தில் உயிரோடு நிற்கும் ஆனால் விதை தராது. செடி பிழைப்பது வேறு, காசு தருவது வேறு, இதைத் தரகர் சொல்ல மாட்டார்.

வரைபடக்காரி

அந்தச் சிவப்புப் படத்தைப் பற்றி நான் சொல்கிறேன், இது என் வேலை. தஞ்சாவூரில் இருந்துகொண்டு டெல்டா நிலப்படங்கள்தான் போடுகிறேன்.

அவர் காட்டியது எந்தப் படம் என்று முதலில் தெரியவேண்டும். இந்தியத் தரிசு நில அட்லஸில் இருந்து எடுத்திருந்தால், அதில் உவர், களர் பாதித்த நிலம் என்று ஒரு வகை உண்டு, 2019 பதிப்பு வரை வந்திருக்கிறது. அது 1:50,000 அளவுப் படம். அதாவது படத்தில் ஒரு மில்லிமீட்டர் உங்கள் ஊரில் 50 மீட்டர். அந்தப் படத்தில் உங்கள் மொத்த வேலியும் ஒரு மிளகு அளவுப் புள்ளி. மாவட்டத்துக்குத் திட்டம் போட அது நல்ல படம், ஒரு பட்டாதாரரின் வரப்பு எங்கே ஓடுகிறது என்று அதைக் கேட்கக் கூடாது.

செண்டினல்-2 என்ற ஐரோப்பியச் செயற்கைக்கோள் படமாக இருந்தால் நிலைமை கொஞ்சம் தேவலை. 10 மீட்டர் கட்டம், இரண்டு செயற்கைக்கோள் சேர்ந்து 5 நாளுக்கு ஒரு முறை, இலவசம். ஒரு மா நிலம் சுமார் 1,335 சதுர மீட்டர், ஆகவே ஒரு மாவுக்கு 13 கட்டம் கிடைக்கும், வரப்போரக் கட்டங்களைக் கழித்தால் இன்னும் குறையும். உங்கள் வேலிக்கு 260க்கு மேல். திட்டுத் திட்டாகக் கருகுவதைப் பார்க்க இது போதும். நீங்களே கியூஜிஐஎஸ் என்ற இலவச மென்பொருளில் பார்க்கலாம். கிராம நிலப்படத்தையும் உங்கள் சர்வே எண்ணின் எஃப்.எம்.பி. (புல அளவுப் படம்) வரைபடத்தையும் மேலே போட்டு ஒட்டிக்கொள்ளுங்கள். ஒட்டும்போது வாய்க்கால் முக்கு, சாலை வளைவு என்று மாறாத இடங்களைப் பிடியுங்கள், வரப்பைப் பிடிக்காதீர்கள், வரப்பு நகரும்.

ஆனால் ஒரே ஒரு தேதிப் படத்தை வைத்து உப்பு என்று சொல்கிறவரை நம்பாதீர்கள். மே மாதம் வெள்ளையாகத் தெரிவது உப்புப் பூத்தது ஆகலாம், காய்ந்த மணல் ஆகலாம், அறுவடை முடிந்த தாளாகக்கூட இருக்கலாம், மூன்றும் வெளிச்சமாகத்தான் தெரியும். நான் செய்வது இப்படி. சம்பா பச்சையாக இருக்கும் தை மாதப் படங்களை ஐந்தாறு வருடத்துக்கு எடுத்து அடுக்கி, எந்தக் கட்டம் ஒவ்வொரு வருடமும் பின்தங்குகிறது என்று பார்ப்பேன். தண்ணீர் நன்றாக வந்த வருடத்திலும் ஒரு திட்டு மட்டும் பச்சை ஏறாமல் நின்றால் அங்கே மண்ணில் ஏதோ இருக்கிறது. தண்ணீர் வராத வருடம் மட்டும் மொத்த வயலும் விழுந்தால் அது மேட்டூர் சங்கதி, மண்ணின் குற்றமில்லை. கடைமடைக்கு இந்த வித்தியாசம் ரொம்பப் பெரியது, ஏனென்றால் இங்கே பாதி ‘கெட்ட மண்’ தண்ணீர் நேரத்துக்கு வராத மண்தான்.

உங்களுக்கு ஒரு சிக்கல், கீழ்வேலி சில வருடமாக நடவே இல்லை என்கிறீர்கள். அப்போது நட்டிருந்த பழைய வருடங்களுக்குப் போங்கள், செண்டினல்-2 2015இல்தான் ஏவப்பட்டது, அதற்கு முன்னால் வேண்டுமானால் லேண்ட்சாட் என்ற அமெரிக்கச் செயற்கைக்கோள் படம் இருக்கிறது, 30 மீட்டர் கட்டம், திட்டுத் தெரியாது, மொத்த வேலி தெரியும். சீமைக்கருவேலம் ஏறிய இடத்தில் ஏமாறாதீர்கள், கோடையில் அது மட்டும் பச்சையாக இருக்கும், கணினி அதை ‘நல்ல பயிர்’ என்று போட்டுவிடும். அப்புறம் அடைமழைக் காலத்தில் மேகத்தால் செண்டினல்-2 ஒன்றும் காட்டாது. அப்போது செண்டினல்-1 ரேடார் படம் எடுங்கள், அது மேகத்தைத் துளைக்கும், தேங்கிய தண்ணீர் கறுப்பாகத் தெரியும். கார்த்திகை முழுக்க உங்கள் கீழ்வேலி கறுப்பாகவே இருந்தால் அப்பா ஜெயித்தார்.

நிலத்தை எத்தனை மண்டலமாகப் பிரிப்பது என்பதற்குத்தான் படம். எப்போதும் பின்தங்கும் திட்டு, சில வருடம் பின்தங்கும் பகுதி, நன்றாக இருக்கும் பகுதி என்று மூன்றாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் தனித்தனியாக மண் எடுங்கள். மொத்த வேலிக்கும் ஒரே பையில் கலந்து கொடுத்தால் கெட்டதும் நல்லதும் கலந்து ‘இயல்பு’ என்று வரும்.

பாய்லர்_பையன்

நான் விறகு எரித்து மின்சாரம் எடுக்கும் ஆலையில் கொதிகலன் பக்கம் வேலை பார்க்கிறேன். இங்கே எல்லோரும் வளர்ப்பதைப் பற்றிப் பேசுகிறீர்கள், எரிப்பதைப் பற்றியும் கொஞ்சம் சொல்கிறேன், ஏனென்றால் விலை அங்கேதான் அடிபடும்.

உப்பு மண்ணில் வளர்ந்த பயிர் அந்தக் குளோரைடை உள்ளே வாங்கிக்கொள்ளும், முக்கியமாகப் புல், இலை, இளந்தண்டு. குளோரினும் பொட்டாசியமும் சேர்ந்தால் சாம்பல் குறைந்த சூட்டிலேயே உருகிக் குழாயில் ஒட்டும், நீராவிக் குழாயை அரிக்கும். அதனால் சரக்கு வாங்கும்போது ஈரம், சாம்பல், குளோரின் மூன்றும் பார்ப்பார்கள். முற்றிய கட்டையில் சாம்பல் ஓரிரு விழுக்காடுதான், வைக்கோலில் 15க்கு மேல் போகும், புல் இரண்டுக்கும் நடுவில். பச்சை நேப்பியரில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர், அதைக் கொதிகலனுக்கு லாரியில் ஏற்றினால் தண்ணீருக்கு வாடகை கொடுக்கிற கதைதான். சாண எரிவாயு மாதிரி புளிக்க வைத்து எடுக்கும் ஆலைக்குத்தான் அது ஏற்றது, அப்படி ஆலை கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். ஆக சவுக்கும் நேப்பியரும் ஒரே ஆளுக்கு விற்கிற சரக்கு கிடையாது. மூன்று பயிர் பெயரையும் ஒரே மூச்சில் சொன்னவருக்கு யார் வாங்கப்போகிறார்கள் என்பது இன்னும் முடிவாகவில்லை என்று நினைக்கிறேன். மூங்கிலுக்குப் பெரும்பாலும் உப்பு ஒத்துக்கொள்ளாது, அதை ஏன் சொன்னார் என்றே புரியவில்லை.

ஆத்தங்கரை_அக்கா

எல்லாம் பேசினீர்கள், அந்தப் புறம்போக்கையும் சேர்த்துச் சிவப்பு அடித்திருக்கிறார்கள் என்று தம்பி சொன்னதை யாரும் கண்டுகொள்ளவில்லை. அங்கே ஆடு மேய்கிறதா இல்லையா? கருவேலம் வெட்டி அடுப்புக்கு எடுத்துப் போகிறவர்கள் இருக்கிறார்களா இல்லையா? எங்கள் ஊரில் நிலமில்லாத வீடுகளுக்கு விறகு, புல், மழைக்காலத்தில் நண்டு, நத்தை எல்லாம் அங்கே இருந்துதான். மேலே இருந்து பார்த்தால் தரிசு, கீழே நின்று பார்த்தால் பத்து வீட்டுப் பிழைப்பு. ஏ-பதிவேட்டில் (கிராமத்து நிலங்களின் வகையை எழுதிய கணக்கு) அது மேய்க்கால் புறம்போக்கா, தீர்வை ஏற்படாத தரிசா, வாய்க்கால் புறம்போக்கா என்று வி.ஏ.ஓ.விடம் கேட்டுப் பாருங்கள். உங்கள் பட்டாவை நீங்கள் குத்தகைக்கு விடுவது உங்கள் இஷ்டம் தம்பி, ஆனால் நடுவில் உங்கள் நிலத்தை வாங்கிவிட்டுச் சுற்றியிருப்பதையும் சேர்த்து வேலி போடுவது நடக்கிற விஷயம், கண்ணைத் திறந்து வையுங்கள்.

தாளடி

அக்கா சொன்னதற்கு ஒரு கும்பிடு. நான் வேறு ஒன்று கேட்கிறேன், கடைமடையில் எரிபொருள் பயிரே எதற்கு? ஒவ்வொரு அறுவடைக்கும் வைக்கோல் மலையாகக் கிடக்கிறதே, அதை வைத்து ஆலை ஓட்டலாமே. நல்ல மண்ணை ‘கெட்டது’ என்று எழுதி வாங்கி மரம் வைத்துவிட்டால், அப்புறம் நெல்லுக்குத் திரும்புவது லேசில்லை.

ஓய்வுபெற்ற_மண்காரன்

தாளடி, பாய்லர் பையன் சொன்ன சாம்பல் கணக்குதான் உங்களுக்குப் பதில், வைக்கோலை மட்டும் எரிக்கக் கொதிகலனையே அதற்கென்று வடிவமைக்க வேண்டும். அதோடு மாடு இருக்கிற ஊரில் வைக்கோல் சும்மா கிடப்பதும் இல்லை. நெல்லுக்குத் திரும்பவே முடியாத நிலமும் இருக்கத்தான் செய்கிறது, அதை ஒத்துக்கொள்ள வேண்டும். உப்பங்கழியை ஒட்டி, நிலத்தடி நீரே உப்பாக இரண்டு முழ ஆழத்தில் நிற்கிற இடத்தில் நீங்கள் ஜிப்சம் மூட்டை மூட்டையாகப் போட்டாலும் அடுத்த கோடையில் உப்பு கீழிருந்து ஏறி வரும். அங்கே புங்கம், நாட்டுக் கருவேலம் மாதிரி உப்பையும் தண்ணீரையும் சேர்ந்து தாங்குகிற மரம் வைப்பதில் தப்பில்லை. தம்பி நிலம் அந்த வகையா என்பதுதான் கேள்வி.

இதற்கு ஊரறிந்த உதாரணம் ஒன்று உண்டு. 2004 சுனாமியில் நாகைக் கரையோர வயல்களில் கடல் தண்ணீர் நின்றது, கடல் நீரின் இ.சி. 50ஐத் தொடும். எல்லோரும் இனி அங்கே நெல் இல்லை என்றுதான் நினைத்தார்கள். அடுத்த பருவமழை நன்றாகப் பெய்தது, வடிகால் சரியாக இருந்த இடங்களில் பெரும்பாலும் உப்பு கழுவிப்போய் மறுபடி நட்டார்கள். மேலிருந்து வந்த உப்பு மேலேயே போனது. கீழிருந்து வருகிற உப்பு அப்படிப் போகாது. அதனால் மேல் அரையடி மண்ணை மட்டும் எடுத்துச் சோதித்தால் எந்த வகை என்று தெரியாது.

தலைஞாயிறு_தம்பி

எல்லோருக்கும் நன்றி, இவ்வளவு வரும் என்று எதிர்பார்க்கவில்லை. வரைபடக்காரி அக்கா சொன்ன மாதிரி தை மாதப் படங்களை எடுத்துப் பார்த்தேன். கீழ்வேலியில் வடக்குப் பாதி ஆரம்பத்தில் மேட்டுப்பக்கத்துக்குச் சமமாகவே பச்சையாக இருக்கிறது, ஊர்ச்சாலையை உயர்த்திப் போட்ட வருடத்துக்கு அப்புறம்தான் விழுகிறது. அப்பாவிடம் கேட்டால் “அந்த மதகுக் குழாய அப்பவே மண்ணு மூடிடுச்சுன்னு நான்தான் சொல்லிக்கிட்டிருக்கேனே” என்கிறார். தெற்குப் பாதி, ஆற்றுப் பக்கம், முதலிலிருந்தே எல்லா வருடமும் மோசம். ரேடார் படத்தில் இரண்டுமே கார்த்திகையில் கறுப்பு.

அக்கா கேட்ட புறம்போக்கு, ஏ-பதிவேட்டில் மேய்க்கால் என்றுதான் இருக்கிறது. தரகரிடம் சொன்னேன், “அதெல்லாம் மேலே பேசிக்கொள்வோம்” என்றார். அந்தப் பதில் எனக்குப் பிடிக்கவில்லை.

இப்போது மண் எடுப்பதற்கு எந்த மாதம் ஊருக்கு வருவது, எவ்வளவு ஆழம் தோண்டுவது, குத்தகைப் பத்திரத்தில் மண்ணைப் பற்றி ஏதாவது எழுத வேண்டுமா, இந்த மூன்றும் சொன்னால் போதும்.

வரைபடக்காரி

பத்திரம் பற்றி நான் சொல்கிறேன், மீதியை மண்காரர் சொல்வார். ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகையைக் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும், வெறும் பேப்பரில் கையெழுத்துப் போடாதீர்கள். தெற்குப் பாதியை மட்டும் கொடுக்க முடியுமா என்று கேளுங்கள், வடக்குப் பாதிக்கு மதகைத் திறந்தால் போதும் போலத் தெரிகிறது. இன்றைய மண் ஆய்வு முடிவை, ஆழம் ஆழமாக, ஜி.பி.எஸ். புள்ளியோடு பத்திரத்துக்கு இணைப்பாக வையுங்கள், குத்தகை முடியும்போது அதே புள்ளியில் மறுபடி எடுக்க வேண்டும், வேர்க்கட்டையை அவர்களே பிடுங்கித் தர வேண்டும் என்றும் எழுதுங்கள். உப்புத் தண்ணீரை ஆழ்குழாயில் எடுத்துப் பாய்ச்சுவதற்குத் தடை போடுங்கள், இல்லாவிட்டால் மரம் போன பிறகு கிடைப்பது இப்போது இருப்பதைவிட மோசமான மண்.

ஓய்வுபெற்ற_மண்காரன்

நல்ல வேலை செய்திருக்கிறீர்கள் தம்பி, சாலை போட்ட வருடத்தைப் பிடித்ததுதான் பெரிய விஷயம். வடக்குப் பாதியின் மதகை இந்தக் கோடையிலேயே தோண்டிப் பாருங்கள், அதற்கு எந்த ஆய்வும் வேண்டாம். அங்கே தக்கைப்பூண்டு விதைத்துப் பூக்கும் முன் மடக்கி உழுதால் மண் திரும்பும்.

மாதம் என்றால் இரண்டு முறை வர வேண்டியிருக்கும். மே மாதம், மேட்டூர் திறப்பதற்கு முன்னால், உப்பு மேலே ஏறி உச்சத்தில் இருக்கும். தை கடைசி அல்லது மாசி ஆரம்பத்தில், மழை கழுவிய பிறகு, குறைந்தபட்சம் தெரியும். மே அதிகமாகவும் தை குறைவாகவும் வந்தால் மழை உப்பைக் கழுவுகிறது என்று தெரியும், ஆனால் கோடையில் அது கீழிருந்து மறுபடி ஏறுகிறதா என்று ஆழத்து மண்ணையும் நிலத்தடி நீரையும் பார்த்துத்தான் சொல்ல முடியும். இரண்டு காலத்திலும் ஒரே மாதிரி உயரத்தில் நின்றால் மழைகூட அதைக் கழுவவில்லை.

ஆழம், நெல்லுக்கு என்றால் 15 செ.மீ. போதும். மரத்துக்கு 0-15, 15-30, 30-60, 60-90 என்று நான்காகப் பிரித்துத் தனித்தனிப் பையில் போடுங்கள். வெள்ளைப் பூப்பு இருந்தால் அதைச் சுரண்டித் தனியாக வையுங்கள், மண்ணோடு கலக்காதீர்கள். ஒவ்வொரு மண்டலத்திலும் ஐந்து இடத்தில் ஆகர் (மண்ணைத் துளைத்து எடுக்கும் கருவி) போட்டு, ஒரே ஆழத்து மண்ணை மட்டும் ஒன்றாகக் கலந்து, நாலாகப் பிரித்து எதிரெதிர்ப் பங்கைத் தள்ளிக்கொண்டே அரைக் கிலோவுக்குக் கொண்டுவாருங்கள். வரப்போரம், மரநிழல், எருக் குவித்த இடம், வாய்க்கால் ஓரம் வேண்டாம். உரச் சாக்கில் போடவே கூடாது, அந்தச் சாக்கில் ஒட்டியிருக்கும் உப்பே கணக்கைக் கெடுத்துவிடும். நிழலில் உலர்த்துங்கள். பையில் சர்வே எண், மண்டலம், ஆழம், தேதி, என்ன பயிர் வைக்கப்போகிறோம் என்பதையும் பென்சிலால் எழுதுங்கள், பேனா மை ஈரத்தில் கரையும். கேட்க வேண்டியது: பி.எச்., இ.சி.ஈ., ஈ.எஸ்.பி., சுண்ணாம்பு, மண்நயம் (மணல், களி எவ்வளவு என்பது), ஜிப்சம் தேவை. தழை, மணி, சாம்பல் சத்து இப்போதைக்கு அவசரமில்லை.

தெற்குப் பாதியில் இன்னொன்றும் செய்யுங்கள், இது அதிகச் செலவில்லாத வேலை. ஆகர் போட்ட குழியில் ஓட்டை போட்ட ஒன்றரை இஞ்ச் பி.வி.சி. குழாயை ஆறடிக்கு இறக்கி, சுற்றிலும் மணல் போட்டு, மேலே ஒரு அடி நீட்டி விடுங்கள். அப்பா மாதம் ஒரு தடவை கயிற்றில் எடை கட்டி இறக்கித் தண்ணீர் எத்தனை அடியில் நிற்கிறது என்று நோட்டில் எழுதட்டும், கொஞ்சம் மொண்டு இ.சி. பேனா (பேனா மாதிரி இருக்கும் இ.சி. அளக்கும் கருவி) வைத்துப் பார்க்கட்டும். கோடை நடுவிலும் மூன்றடிக்குள் தண்ணீர் நின்று அதுவும் உப்பாக இருந்தால், தெற்குப் பாதிக்குப் புங்கமோ கருவேலமோ பேசலாம், சவுக்கு வேண்டாம். குழாய் வாய்க்கு மூடி போட்டு, கழுத்தைச் சுற்றிக் களிமண் அப்புங்கள், இல்லையென்றால் முதல் மழையிலேயே மேல்தண்ணீர் உள்ளே இறங்கி அளவெல்லாம் பொய்யாகிவிடும்.